கேள்வி ஒன்று, கோபம் இரண்டு

2016 ஜூன் 23. நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்திலேயே வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகர முடிவை அறிவித்துவிட்டார்கள். வாக்குப் பெட்டிகளை ஓட்டமும் நடையுமாகக் கைமாற்றி, நாட்டிலேயே வேகமாக எண்ணி முடிப்பதில் பேர்போன ஊர் அது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற 61 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள். அரங்கில் இருந்த வெளியேற்ற ஆதரவாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். அதே நேரத்தில் அந்நியச் செலாவணிச் சந்தையில் பவுண்டு சரியத் தொடங்கியது. விடிவதற்குள் அது டாலருக்கு எதிராக 1985-க்குப் பிறகு காணாத அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

லண்டனில் இருந்தவர்களுக்கு சண்டர்லேண்டின் முடிவு விளங்கவில்லை. 1986-லிருந்து அங்கே நிசான் கார் ஆலை இயங்குகிறது. அதில் உருவாகும் கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் கப்பலேறுகிறது. தங்கள் சோற்றில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்களே என்று தலைநகரத்துக்காரர்கள் அங்கலாய்த்தார்கள். கப்பல் கட்டும் தளமும் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டபோது நீங்கள் யாரும் இப்படிக் கவலைப்படவில்லையே என்று உள்ளூரிலிருந்து பதில் வந்தது.

அதிகாலை 4.40-க்கு பிபிசியின் டேவிட் டிம்பிள்பி முடிவை உறுதிசெய்தார். வெளியேற 1 கோடியே 74 லட்சம் பேர், நீடிக்க 1 கோடியே 61 லட்சம் பேர்; சதவீதக் கணக்கில் 52-க்கு 48. காலையில் பிரதமர் டேவிட் கேமரன் டவுனிங் தெரு வாசலில் வந்து நின்று பதவி விலகுவதாக அறிவித்தார்.

வரைபடத்தில் நாடு துண்டு துண்டாகத் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளும் ஒன்றுகூட மாறாமல் நீடிக்கவே வாக்களித்திருந்தன. வட அயர்லாந்தும் லண்டனும் அதே பக்கம். ஸ்பெயினின் தென்கோடியில் ஒட்டியிருக்கும் ஜிப்ரால்டரில் நீடிப்போர் 96 சதவீதம். கிழக்குப் பக்கம் லிங்கன்ஷயரின் பாஸ்டனில் நிலைமை நேரெதிர். காய்கறி வயல்களிலும் பொட்டலமிடும் கூடங்களிலும் கிழக்கு ஐரோப்பியர்கள் வேலைபார்க்கும் அந்த ஊரில் நான்கில் மூவர் வெளியேறச் சொன்னார்கள்.

அந்த வாரம் கிளாஸ்டன்பரி இசைவிழா நடந்துகொண்டிருந்தது. மழைச் சேற்றில் கூடாரம் போட்டுத் தூங்கிய இளைஞர் பட்டாளம் கைப்பேசியைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்துகொண்டது. கறுப்புப் பட்டை அணிந்து மேடையேறிய பாடகர் டேமன் ஆல்பர்ன், ஜனநாயகம் நம்மைக் கைவிட்டுவிட்டது என்ற தொனியில் பேசினார். கருத்துக்கணிப்புகளின்படி 25 வயதுக்குட்பட்டோரில் பத்தில் ஏழு பேர் நீடிக்க விரும்பியவர்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பான்மையினர் வெளியேற விரும்பியவர்கள். எங்கள் எதிர்காலத்தைத் தாத்தா பாட்டிகள் தீர்மானித்துவிட்டார்கள் என்று பேரப் பிள்ளைகள் பொருமினார்கள். 1975-ல் நடந்த முதல் வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் தொடர வாக்களித்தவர்கள் 67 சதவீதம். அப்போது வாக்களித்த இளைஞர்களில் பலர்தான் இப்போது தாத்தா பாட்டிகள்.

வென்ற பக்கத்திலும் அன்று காலையே முதல் சறுக்கல். ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராகப் போயிருந்தார்கள். அந்தத் தொகையே தவறான எண்ணத்தைத் தருகிறது என்று அரசின் புள்ளியியல் ஆணையம் முன்பே கண்டித்திருந்தது. அந்த வாக்குறுதிக்கு உத்தரவாதம் தர முடியுமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, முடியாது, அப்படிச் சொன்னதே தவறு என்றார் வெளியேற்றத் தரப்புத் தலைவர்களில் ஒருவரான நைஜல் ஃபராஜ். அவர் அந்தப் பேருந்துக் குழுவைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் கேட்டவர்களுக்குச் சுருக்கென்றது.

மறுவாக்கெடுப்பு கேட்டு நாடாளுமன்ற இணையதளத்தில் இருந்த மனுவில் சில நாட்களில் 41 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் குவிந்தன. வாக்குப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து, வென்ற தரப்பு 60 சதவீதம் எட்டாவிட்டால் மீண்டும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது கோரிக்கை. வேடிக்கை என்னவென்றால், அந்த மனுவை மே மாதமே போட்டவர் ஒரு வெளியேற்ற ஆதரவாளர். தன் பக்கம் தோற்றுவிடும் என்று பயந்து முன்னெச்சரிக்கையாகச் செய்த வேலை. தன் மனுவை எதிர்த்தரப்பு கைப்பற்றிக்கொண்டதைப் பார்த்து அவரே நொந்துபோனார். ஃபராஜும் மே மாதத்தில், 52-க்கு 48 என்று தோற்றால் விவகாரம் முடிந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லியிருந்தார். அச்சு அசலாக அதே எண் வந்தது, திருப்பிப் போட்டபடி. உடனே இரு தரப்பும் வசனத்தை மாற்றிக்கொண்டன.

இதற்கிடையே தெருவில் வேறொரு முகம் தெரிந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, நீடிப்பை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தன் தொகுதியிலேயே ஒரு தீவிர வலதுசாரியால் கொல்லப்பட்டிருந்தார். முடிவு வந்த வார இறுதியில் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள போலந்துப் பண்பாட்டு மையத்தின் வாசலில் யாரோ வசையை எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த நாட்களில் அதே வாசலில் அக்கம்பக்கத்து ஆங்கிலேயர்கள் பூங்கொத்துகளையும் வாழ்த்து அட்டைகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். குடியேறியவர்களுக்குத் துணை நிற்கிறோம் என்று காட்டச் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு நடமாடியவர்களும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஜூலையில் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஜூலையைவிட 41 சதவீதம் அதிகம் என்று உள்துறை அமைச்சகமே பின்னர் தெரிவித்தது.

இருபது வருடம் லண்டனில் வேலைபார்த்து வரி கட்டிய போலந்துக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ இந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. காமன்வெல்த் நாட்டவருக்கு இருந்தது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடியிருந்த தமிழர்களும் வரிசையில் நின்று, பழைய வழக்கப்படி பென்சிலால் பெருக்கல் குறி போட முடிந்தது. ஆசிய வம்சாவளியினரில் பெரும்பான்மை நீடிக்கவே விரும்பியது. ஆனாலும் மூன்றில் ஒருவர் வெளியேறச் சொன்னார். ஐரோப்பியர் தாராளமாக வருகிறார்கள், எங்கள் ஊர்ச் சமையல்காரருக்கு மட்டும் விசா இல்லையா என்ற ஆதங்கம் உணவக முதலாளிகளிடம் இருந்தது. வெளியேறினால் அந்தக் குறை தீரும் என்று அமைச்சர் பிரீத்தி படேல் பிரசாரம் செய்தார். அதை நம்பிய வங்கதேச உணவக உரிமையாளர்கள் சிலர், சொன்னபடி நடக்கவில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகக் குறைபட்டார்கள்.

கார்ன்வாலில் 56 சதவீதத்துக்கும் மேல் வெளியேற்றத்துக்கு விழுந்தது. மறுநாளே அந்தப் பகுதிக் கவுன்சிலின் தலைவர், ஒன்றியத்திடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 6 கோடி பவுண்டு வந்துகொண்டிருக்கிறதே, அது நிற்காமல் கிடைக்க வழி செய்யுங்கள் என்று அரசைக் கேட்டார். பெல்ஃபாஸ்டில் அயர்லாந்துக் கடவுச்சீட்டு விண்ணப்பங்கள் அஞ்சலகத்தில் தீர்ந்துபோயின. வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் பெரும்பாலும் அயர்லாந்துக் குடியுரிமையும் பெறலாம். வெளியேற்றத்தை ஆதரித்த கட்சியின் உறுப்பினர் இயன் பெய்ஸ்லி ஜூனியரே, தகுதி இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று தொகுதி மக்களுக்கு யோசனை சொன்னார்!

ஜூன் 27 அன்று யூரோ கோப்பையில் மூன்று லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட ஐஸ்லாந்திடம் இங்கிலாந்து 2-1 என்று தோற்று வெளியேறியது. ஒரே வாரத்தில் ஐரோப்பாவிலிருந்து இரண்டாவது முறை என்று நாடே சிரித்தது. இரு தரப்பும் சேர்ந்து சிரித்த கடைசி நகைச்சுவை அதுவாகத்தான் இருக்கும்.

இத்தனை கோபம் ஏன் ஆறவில்லை? வாக்குச்சீட்டில் இருந்தது ஒற்றை வரிக் கேள்வி: நீடிப்பதா, வெளியேறுவதா? வெளியேறினால் சுங்கம் எப்படி, அயர்லாந்து எல்லை எப்படி, பிரிட்டனில் வசிக்கும் முப்பது லட்சம் ஐரோப்பியரின் கதி என்ன என்று எந்த விவரமும் இல்லை. தோற்றால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டமிடக்கூட கேமரன் அரசு அனுமதிக்கவில்லை. அதை மிகப் பெரிய அலட்சியம் என்று நாடாளுமன்ற வெளியுறவுக் குழு சாடியது. 2014-ல் ஸ்காட்லாந்து விடுதலைக்கான வாக்கெடுப்பின்போது ஸ்காட்லாந்து அரசு 670 பக்கத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. இங்கே வென்ற 1 கோடியே 74 லட்சம் பேரும் அவரவர் மனத்தில் ஒரு வெளியேற்றத்தை வைத்திருந்தார்கள்.

அதனால் தோற்றவர்களோடு வென்றவர்களும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார்கள். வெளியேற்ற நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்ற ஒப்புதல் தேவை என்று 2016 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதிகளை டெய்லி மெயில் நாளிதழ் மக்களின் எதிரிகள் என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. 2019 மார்ச்சில் வெளியேற்றத்தை ரத்துசெய்யக் கோரிய மனு 60 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. லட்சக்கணக்கானோர் லண்டன் தெருக்களில் திரண்டார்கள். அதே மாதம் சண்டர்லேண்டிலிருந்து நடைபயணம் கிளம்பிய வெளியேற்ற ஆதரவாளர்கள், வெளியேறியிருக்க வேண்டிய மார்ச் 29 அன்று நாடாளுமன்ற வாசலில் நின்று துரோகம் என்று முழங்கினார்கள். கட்சிப் பற்றைவிட இந்தப் பிரிவுப் பற்று ஆழமாகிவிட்டதை ஆய்வுகள் காட்டின. போரிஸ் ஜான்சன் பிரதமராக இருந்தபோது, குடும்பப் பாசத்துக்கும் நாட்டு நலனுக்கும் இடையே தத்தளிப்பதாகச் சொல்லி அமைச்சரவையிலிருந்து விலகியவர் அவருடைய சொந்தத் தம்பி ஜோ ஜான்சன்.

2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு வெளியேற்றம் சட்டப்படி நிறைவேறியது. அண்மை ஆண்டுகளின் கருத்துக்கணிப்புகளில், அந்த முடிவு தவறு என்போர் பாதிக்கும் மேல். இப்போது அடுத்த வாக்கெடுப்பு பற்றிய பேச்சு அயர்லாந்துத் தீவில் நடக்கிறது. வடக்கும் தெற்கும் இணைவது பற்றி மக்களைக் கேட்க 1998 அமைதி உடன்படிக்கையில் வழி உண்டு. அதை ஆராய்ந்த கல்வியாளர் குழு 2021-ல் தந்த அறிக்கை, அடுத்து என்ன நடக்கும் என்ற தெளிவான திட்டம் இல்லாமல் அப்படியொரு வாக்கெடுப்பை அறிவிப்பது விவேகமல்ல என்கிறது. டப்ளின் அரசியல்வாதிகளும் அதையே பேசுகிறார்கள். உதாரணம் கேட்டால், கடல் தாண்டி லண்டன் பக்கம் கைகாட்டுகிறார்கள்.