வழக்கறிஞர் வாசிப்பில் தாளும் திரையும்: திண்டுக்கல் சமவெளி நில வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வழக்கறிஞரின் வாசிப்புக்கும் குறிப்பெடுப்புக்கும் உகந்தது தாளா, திரையா என்னும் வினா பெரும்பாலும் தனிமனிதப் பழக்கம் சார்ந்ததாகவே கருதப்படுகிறது. ஆவணத்தின் எழுத்து வடிவம், மொழி, பணியின் கட்டம் ஆகியவையே அத்தேர்வுக்கு அடிப்படையாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை திண்டுக்கல் சமவெளி நில வழக்குகளின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வழக்குக் கட்டு, குறிப்பெடுப்பு, நான்கெல்லை, ஒருங்குறி, மின்னணு நீதிமன்றம்

முன்னுரை

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. திண்டுக்கல் மாவட்ட வழக்குகள் மேல்முறையீடாகச் செல்லும் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் அமைகின்றன. இதனால் இங்குள்ள வழக்கறிஞர் ஒரே வழக்கிற்காகக் கையெழுத்துத் தமிழில் பத்திரங்களையும், தட்டச்சுத் தமிழில் சாட்சியங்களையும், ஆங்கிலத்தில் முன்தீர்ப்புகளையும் படிக்க நேர்கிறது. 2007இல் தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. பழைய வழக்கு ஆவணங்களை மின்னணுவாக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. வழக்குக் கட்டு திரைக்கு நகரும் இக்காலத்தில் எதனை எங்கே படிப்பது என்பது ஆராயத்தக்கதாகிறது.

வாசிப்பு ஆய்வுகள் கூறுவன

கையால் குறிப்பெடுத்த மாணவர்கள் கருத்து சார்ந்த வினாக்களுக்குச் சிறப்பாக விடையளித்தனர் என்று முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014இல் அறிவித்தனர். 2019, 2021 ஆண்டுகளில் பிறர் நிகழ்த்திய மறுசோதனைகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. எனவே எழுதுகோலே சிறந்தது எனப் பொதுமைப்படுத்த இயலாது. வாசிப்பைப் பொறுத்தவரை சான்று இன்னும் வலுவானது. டெல்காடோ குழுவினர் 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, தாளில் படித்தோரின் புரிதல் மேம்பட்டிருந்தது. இவ்வேறுபாடு கதை வாசிப்பில் காணப்படவில்லை. தகவல் உரைகளில் காணப்பட்டது. நேர நெருக்கடியில் மிகுந்தது. தகவல் உரையை நேர நெருக்கடியில் படிப்பதே வழக்கறிஞரின் அன்றாடப் பணியாகும்.

தேடலின் எல்லை

திரையின் தலையாய வலிமை தேடல். ஆங்கில முன்தீர்ப்புகளில் ஒரு சட்டப்பிரிவைச் சில நொடிகளில் கண்டறியலாம். ஆனால் வருடி எடுக்கப்பட்ட கையெழுத்துப் பத்திரம் கணினிக்கு வெறும் படமே. தட்டச்சுத் தமிழிலும் இடர் உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் உருவான கோப்புகளில் இன்றைய விசைப்பலகை கொண்டு தேடினால் சொல் அகப்படுவதில்லை. தேடலில் கிடைக்காததை ஆவணத்தில் இல்லாததாகக் கொள்வது இங்கு நேரக்கூடிய பெரும்பிழை. பொதுக் கிணற்றில் முறைவைத்து இறைக்கும் பாத்தியமோ மாமூல் வண்டிப்பாதையோ பத்திரத்தின் ஒரு வரியில் மட்டுமே இடம்பெற்றிருக்கக்கூடும். அவ்வரியைத் தவறவிடுவது கட்சிக்காரரின் வேளாண்மையையே தவறவிடுவதாகும்.

ஒப்புநோக்கு வாசிப்பு

1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்கு (யு.டி.ஆர்.) முந்தைய பத்திரங்கள் பழைய சர்வே எண்ணையும் ஏக்கர், சென்ட் அளவையும் கூறும், பிந்தைய பட்டா புதிய உட்பிரிவையும் ஹெக்டேர், ஏர் அளவையும் கூறும். நான்கெல்லையும் பரப்பளவும் முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்ற மரபு. ஆகவே தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை ஒருசேர விரித்து ஒப்பிட வேண்டியுள்ளது. மேசைமேல் பரப்பிய தாள்கள் இதற்குத் துணைபுரியும் அளவிற்குக் கைப்பேசித் திரை துணைபுரிவதில்லை. மங்கிய எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதிலோ திரையே மேம்பட்டது.

குறிப்பும் குறுக்கு விசாரணையும்

2002ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் உரிமையியல் வழக்குகளில் முதல் விசாரணை நிரூபண வாக்குமூலமாகத் தாக்கலாகிறது. எதிர்தரப்பு வழக்கறிஞரின் குறிப்பு அவ்வாக்குமூலத்தின் ஓரத்திலேயே உருவாகிறது: இப்பத்தி வா.சா.ஆ.3உடன் முரண்படுகிறது என்னும் ஒரு வரியும் அதன் பக்க எண்ணும் போதும். சாட்சி கூண்டில் நிற்கையில் அப்பக்கத்தை உடனே எடுக்க முடிவதே குறிப்பின் பயன். வாய்தா தேதிகளுக்கோ 16 இலக்க வழக்குப் பதிவெண்ணைக் கொண்டு பார்க்கும் செயலி, டைரியைச் சரிபார்க்கச் சிறந்த துணையாகிறது.

குறிப்புகளின் மறைகாப்பும் கருதத்தக்கது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132ஆம் பிரிவு, கட்சிக்காரர் கூறியவற்றைக் காக்கும் கடமையை வழக்கறிஞருக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் விதிக்கிறது. பூட்டிய அலமாரிக்கு உரிய அக்கறை, பலர் கையாளும் அலுவலகக் கணினிக்கும் பொருந்தும்.

முடிவுரை

முன்தீர்ப்புத் தேடல், வாய்தா மேலாண்மை, காப்புப்படி ஆகியவற்றுக்குத் திரையும்; பத்திர வாசிப்பு, ஒப்புநோக்கு, குறுக்கு விசாரணைக் குறிப்பு ஆகியவற்றுக்குத் தாளும் ஏற்றவை. மின்னணுவாக்கப்படும் ஒவ்வொரு கட்டிற்கும் ஆவணத் தேதி, சர்வே எண், பக்க எண் கொண்ட தமிழ் அட்டவணை இணைக்கப்பட்டால் இவ்விடைவெளி குறையும். மேற்கண்ட வாசிப்பு ஆய்வுகள் வழக்கறிஞர்களை முன்வைத்து நிகழ்ந்தவையல்ல. தமிழ்ச் சட்ட ஆவண வாசிப்பை அளந்தறிவது தமிழாய்வும் சட்டக்கல்வியும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.