டோட்டல் 190, ஆனா நார்மல் இல்ல

லிப்பிட் ரிப்போர்ட் வந்ததும் நம்ம வீடுகள்ல எல்லாரும் ஒரே ஒரு வரியைத்தான் பார்க்கிறோம். டோட்டல் கொலஸ்ட்ரால் 200-க்குள்ள இருந்தா, ரிப்போர்ட்டை மடிச்சு பீரோவுல வெச்சிடுவோம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். டோட்டல் 190, எச்டிஎல் 32, டிரைகிளிசரைடு 240. பல லேப்கள்ல எல்டிஎல்லை நேரடியா அளக்கறதே இல்ல, கணக்குப் போட்டுத்தான் எழுதுறாங்க. டோட்டல்ல இருந்து எச்டிஎல்லைக் கழிக்கணும். டிரைகிளிசரைடை 5-ஆல வகுத்து அதையும் கழிக்கணும். 190 - 32 - 48 = 110. இது 1972-ல வந்த ஃப்ரீட்வால்ட் ஃபார்முலா. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினா இது வேலை செய்யாது. நம்ம பாஷையில சொன்னா எட்ஜ் கேஸ்!

டோட்டல்ல இருந்து எச்டிஎல்லை மட்டும் கழிச்சா 158. இதுதான் நான்-எச்டிஎல். ரத்தக்குழாய்ச் சுவர்ல படியக்கூடிய துகள்கள் எல்லாத்துலயும் இருக்கற கொலஸ்ட்ரால் இதுக்குள்ள வந்துடும். இந்திய இதயவியல் சங்கத்தோட 2024 வழிகாட்டுதல்படி, ரிஸ்க் குறைஞ்சவங்களுக்கே எல்டிஎல் 100-க்குக் கீழ, நான்-எச்டிஎல் 130-க்குக் கீழ இருக்கணும். நம்ம உதாரண ஆள் ரெண்டுலயும் ஃபெயில். நல்ல எச்டிஎல் குறைஞ்சதாலதான் டோட்டல் அழகா தெரியுது.

இது அபூர்வமான கேஸ் இல்ல. தமிழ்நாடும் சேர்ந்திருந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, 2014-ல வெளியானது. அதுல டோட்டல் கொலஸ்ட்ரால் அதிகமா இருந்தவங்க 13.9% தான். டிரைகிளிசரைடு அதிகம் 29.5%. எச்டிஎல் குறைவு 72.3%!

ஏன்? கம்பம் பள்ளத்தாக்கு பெரியாறு தண்ணியில ரெண்டு போகம் நெல் விளையற ஊர். மூணு வேளையும் அரிசிதான்: இட்லி, சோறு, தோசை. வயல்ல இறங்கி வேலை பார்த்த தாத்தாவுக்கு அது எரிஞ்சு போச்சு. சேர்ல உட்கார்ந்து கோட் அடிக்கிற பேரனுக்கு, மிச்சமாகிற மாவுச்சத்தை கல்லீரல் டிரைகிளிசரைடா மாத்திடுது. சரக்கும் அதே வேலையைத்தான் செய்யும். நாம என்னடான்னா எண்ணெய் பாக்கெட்ல 'கொலஸ்ட்ரால் இல்லாதது'ன்னு தேடிட்டு இருக்கோம். அட, எந்தத் தாவர எண்ணெய்லயும் சொல்லிக்கிற அளவுக்கு கொலஸ்ட்ரால் கிடையாதுங்க.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. லிப்பிட் டெஸ்ட்டை நாமதான் கேட்டு எடுக்கணும், ஏன்னா இதுக்கு அறிகுறியே இருக்காது. முதல் டெஸ்ட்டை 18 வயசுலயே எடுக்கச் சொல்லுது அந்த வழிகாட்டுதல். குடும்பத்துல சின்ன வயசுல யாருக்காவது ஹார்ட் அட்டாக் வந்திருந்தா இன்னும் முன்னாடியே. வெறும் வயித்துல போகணுமேன்னு தள்ளிப் போடாதீங்க, சாப்பிட்டுட்டும் எடுக்கலாம். டிரைகிளிசரைடு ரொம்ப அதிகமா வந்தா மட்டும், டாக்டர் வெறும் வயித்துல இன்னொரு தடவை எடுக்கச் சொல்வார்.