புகையிலையும் பதிவேடும்

என் பாட்டனார் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு புகையிலைக் கிடங்கில் எடை போட்டவர், கைநாட்டுக்காரர். ஒருமுறை பதிவேட்டைவிடச் சரக்கு குறைந்தது. பழி அவர்மேல் விழுந்தது.

1944ஆம் ஆண்டு மத்திய ஆயத்தீர்வைச் சட்டப்படி அன்று மொத்த வியாபாரிக்கும் கிடங்குக்கும் உரிமம் வேண்டியிருந்தது. வரவு, செலவு, இருப்பு மூன்றையும் எழுத வேண்டியிருந்தது. குறைந்த எடைக்கும் தீர்வை கேட்டார்கள். ஆனால் உலர்ந்தால் இலை எடை இழக்கும். அது இயற்கை இழப்பு என்று காட்டினால் தள்ளுபடி இருந்தது. காட்டுவதற்கு அன்றாடக் கணக்கு வேண்டியிருந்ததே!

இலைப் புகையிலைத் தீர்வை 1979இல் நீங்கிற்று. சிகரெட் முதலியவற்றைத் தயாரிப்போர்க்கு அன்றாட இருப்புக் கணக்கு இன்றும் கடமை.

ஆய்வுக்கூடத்தில் எடையைக் குறிக்கும்போதெல்லாம் நான் பாட்டனாரை நினைக்கிறேன். அவர் எழுத முடியாததை நான் எழுதுகிறேன்.