பழைய ஏடுகள் காத்த மின் நிலையம்

ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் புதிய குடியிருப்பு வரிசை எழுப்பப்பட இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் வந்து நிலத்தை அளப்பார், மண்ணைச் சோதிப்பார். ஆனால், அத்தோட்டத்தில் நெடுநாள் வாழ்ந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் கேட்கும் முதற்கேள்வி வேறாக இருக்கும். "அந்தப் பெருவெள்ளத்தின்போது தண்ணீர் எந்த மரம் வரையில் ஏறிற்று?" என்பதே அக்கேள்வி.

பத்து ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர் ஆற்றங்கரையை அடுத்த மரத்தைக் காட்டுவார். ஐம்பது ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர் அதனினும் மேட்டிலுள்ள வேறொரு மரத்தைக் காட்டுவார். இருவரும் உண்மையே உரைக்கின்றனர். வேறுபாடு அவர்தம் நினைவின் நீளத்தில்தான் இருக்கிறது. குறுகிய நினைவை நம்பி வீடு கட்டுவோர், பெருவெள்ளம் வருங்கால் வருந்த நேரிடும்.

வீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, பல இலட்சம் இல்லங்களுக்கு ஒளியூட்டும் மின் நிலையங்களுக்கும் பொருந்தும். சிறப்பாக, அணுமின் நிலையங்களை எங்கே, எவ்வளவு உயரத்தில் அமைப்பது என்பதை முடிவு செய்ய, அறிஞர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலநடுக்கக் குறிப்புகளைத் தேடிப் படிக்கின்றனர். அப்பணியின் அருமையை ஜப்பான் நாட்டின் இரண்டு மின் நிலையங்களின் வரலாறு நமக்கு நன்கு விளக்குகிறது.

அணைந்த பின்னும் ஆறாத வெப்பம்

ரப்பர் ஷீட்டுகளைப் புகையிட்டு உலர்த்தும் கொட்டகையில் அடுப்பை அணைத்த பின்னரும், உள்ளிருக்கும் தணல் நெடுநேரம் கனன்று கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அணு உலையின் இயல்பும் ஏறக்குறைய அத்தகையதே. உலையை நிறுத்திய பின்னரும் அதனுள் இருக்கும் எரிபொருள் தொடர்ந்து வெப்பத்தை வெளியிட்டுக் கொண்டே இருக்கும். அதனை நாள்தோறும், இடைவிடாமல், நீரைக் கொண்டு குளிர்வித்தாக வேண்டும். குளிர்விப்பு நின்றுவிடின் எரிபொருளே உருகிவிடும்; நச்சுக் கதிர்கள் வெளியேறும்.

நீரைச் செலுத்தும் இறைப்பான்களுக்கு மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள் அறுந்துவிட்டால், டீசல் மின்னாக்கிகள் உடனே இயங்க வேண்டும். ஏராளமான நீர் தேவைப்படுவதால் இத்தகைய நிலையங்கள் பலவும் கடலோரத்தில் அமைகின்றன. ஆதலின், அங்கே நிலம் எவ்வளவு வன்மையாக நடுங்கும், கடல் எவ்வளவு உயரம் பொங்கும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே கட்டட வேலையைத் தொடங்குதல் முறை.

அவ்விடையை எங்கே தேடுவது? நிலநடுக்கத்தை அளக்கும் நுட்பமான கருவிகள் தோன்றி நூற்றைம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால், பெரும் நிலநடுக்கங்களோ ஓரிடத்தில் பல நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழக்கூடும். எனவே, கருவிகள் தோன்றுவதற்கு முன் மனிதர் எழுதி வைத்தவற்றையும், மண் தன்னுள் புதைத்து வைத்தவற்றையும் நாட வேண்டியவர்களாகிறோம்.

அரசவைக் குறிப்பும் மணற்படுகையும்

ஜப்பானிய அரசவையின் வரலாற்று நூல் ஒன்று 901ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்டது. 869ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தைப் பற்றி அந்நூல் சொல்கிறது. நிலம் அதிர்ந்தது, வீடுகள் சரிந்தன, கோட்டை மதில்கள் இடிந்தன, கடல் பேரிரைச்சலோடு பொங்கிக் கோட்டை நகர் வரையில் வந்தது, வயல்களும் சாலைகளும் கடலாயின, ஏறத்தாழ ஆயிரம் பேர் மூழ்கி மாண்டனர் என்பது அதன் சாரம். அந்தக் கோட்டை தாகாஜோ என்பதாகும். அது இன்றைய செண்டாய் நகருக்கு அருகில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

பழங்காலத்தவர் மிகைப்படுத்தி எழுதினர் என்று இதனைத் தள்ளிவிடலாகாதா? தள்ளிவிட்டோரும் உண்டு. ஆனால், 1980களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் செண்டாய்ச் சமவெளியில் குழி தோண்டிப் பார்த்தபோது, வயல் மண்ணுக்கு அடியில் கடல் மணற்படுகை ஒன்றைக் கண்டனர். கடலுக்கு வெகுதூரம் உள்ளே அம்மணல் எவ்வாறு வந்தது? அதற்குச் சற்று மேலே எரிமலைச் சாம்பல் படிந்திருந்தது. அது 915ஆம் ஆண்டில் தோவாதா எரிமலை கக்கிய சாம்பல். ஆகவே, அதற்குக் கீழே உள்ள மணல் 915க்குச் சற்று முன்னர் வந்து சேர்ந்ததாதல் வேண்டும். ஏடு கூறிய காலத்தோடு மண் கூறிய காலம் பொருந்திற்று. ஏடு பொய்யுரைக்கவில்லை என்பதற்கு மண்ணே சாட்சியாயிற்று.

மேலும் ஆழத்தில் அதே போன்ற வேறு மணற்படுகைகளும் இருந்தன. அத்தகைய பேரலைகள் பல நூறு ஆண்டுகள் முதல் ஆயிரம் ஆண்டுகள் வரையிலான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்துள்ளன என்பதை அவை காட்டின. மணல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு, நிலநடுக்கத்தின் வலிமையையும் அறிஞர்கள் கணக்கிட்டனர்.

இரண்டு நிலையங்கள், இரண்டு முடிவுகள்

அதே வடகிழக்குக் கடற்கரையில் புக்குஷிமா டாயிச்சி, ஓனகாவா என்னும் இரண்டு அணுமின் நிலையங்கள் எழுப்பப்பட்டன. முன்னதன் முதல் உலை 1971ஆம் ஆண்டிலும், பின்னதன் முதல் உலை 1984ஆம் ஆண்டிலும் வணிக முறையில் மின் உற்பத்தியைத் தொடங்கின.

புக்குஷிமாவில் நிலையத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்ட இடம் முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய மேட்டு நிலமாகும். கட்டடம் உறுதியான பாறைமேல் அமைய வேண்டும். கடல் நீரை எளிதில் மேலேற்ற வேண்டும் என்னும் காரணங்களால் அம்மேடு வெட்டப்பட்டு, முதல் நான்கு உலைகளுக்குரிய தளம் கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டராகத் தாழ்த்தப்பட்டது. அலையின் உயரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அளவோ சுமார் 3.1 மீட்டர். 1960ஆம் ஆண்டில் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை அண்மையிலுள்ள ஓனஹாமா துறைமுகத்தில் எட்டிய உயரம் அதுவே. அந்த அளவு பிழையன்று. ஆனால், சில பத்து ஆண்டுகளின் நினைவை மட்டுமே அது தாங்கியிருந்தது.

ஓனகாவாவிலும் முதலில் திரட்டப்பட்ட குறிப்புகளின்படி அலையின் உயரம் ஏறத்தாழ 3 மீட்டர்தான். எனினும், அங்கே திட்டமிட்டோர் அதனோடு நின்றுவிடவில்லை. அக்கடற்கரைக்கு வடக்கே 1896ஆம் ஆண்டில் ஏற்பட்ட பேரலை, ஓரிடத்தில் 38 மீட்டர் உயரம் வரை ஏறிச் சுமார் 22,000 உயிர்களைக் கொண்டது. 1933ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு பேரலை வந்து ஏறத்தாழ 3,000 பேரைப் பலிகொண்டது. 869ஆம் ஆண்டின் பேரழிவும் அறியப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, ஹிராய் யனோசுகே என்னும் மூத்த பொறியாளர் நிலையத்தின் தளம் 14.8 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும் என்று உறுதியாக நின்றார். பன்னிரண்டு மீட்டர் போதும் என்றோரும் இருந்தனர். மேட்டில் கட்டினால் செலவு மிகும் என்பதும் உண்மையே. ஆயினும் அவர் சொல்லே நிலைத்தது.

அதன் பின்னரும் ஓனகாவாவில் ஆய்வு நிற்கவில்லை. இரண்டாம் உலையை அமைக்கும் காலத்தில் பழைய குறிப்புகளும் மணற்படுகைகளும் மறுபடியும் ஆராயப்பட்டு, எதிர்பார்க்கும் அலையின் உயரம் 9.1 மீட்டர் எனத் திருத்தப்பட்டது. ஹிராய் 1986ஆம் ஆண்டில் காலமானார். தம் முடிவு சோதிக்கப்பட்ட நாளைக் காண அவர் இல்லை.

சோதனை நாள்

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு அக்கடலடியில் 9.0 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. இறந்தோரும் காணாமற் போனோருமாக 18,000க்கும் மேற்பட்டோரை ஜப்பான் இழந்தது. அவர்களுள் பெரும்பாலோர் பேரலையில் அகப்பட்டவர்கள்.

நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்குப் புக்குஷிமாவைவிட ஓனகாவாவே நெருங்கியிருந்தது. அங்கே நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பேரலை சுமார் 13 மீட்டர் உயரம் எழும்பிற்று. தளத்துக்கும் அலைக்கும் இடையே எஞ்சிய உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவே. நிலையம் முற்றும் பழுதின்றித் தப்பியது என்பதற்கில்லை; ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பற்றிற்று; வேறோரிடத்தில் நீர் புகுந்தது. ஆயினும், வெளியிலிருந்து வந்த மின்கம்பிகளுள் ஒன்று அறுபடாமல் இருந்தது. மூன்று உலைகளும் பாதுகாப்பாகக் குளிர்விக்கப்பட்டன. ஓனகாவா நகரமோ பேரலையில் அழிந்தது. வீடிழந்த மக்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்நிலையத்தின் உள்ளேயே அடைக்கலம் புகுந்தனர். அணுமின் நிலையத்தை விட்டு மக்கள் ஓடுவதே இயல்பு. இங்கோ மக்கள் அதனை நாடி ஓடினர்!

புக்குஷிமாவின் கதை வேறு. நிலநடுக்கம் ஏற்பட்டதும் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறைப்படி தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் அற்றுப்போயிற்று. டீசல் மின்னாக்கிகள் இயங்கத் தொடங்கின. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் கழித்து, 14 மீட்டருக்கும் மேலெழுந்த பேரலை 10 மீட்டர் தளத்தின்மேல் பாய்ந்தது. மின்னாக்கிகளுள் பெரும்பாலானவை கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இருந்தமையால் நீரில் மூழ்கின. குளிர்விப்பு நின்றது, மூன்று உலைகளின் எரிபொருளும் உருகிற்று. 150,000க்கும் மேற்பட்ட மக்கள் தம் வீடு, வயல், கால்நடை அனைத்தையும் துறந்து வெளியேறினர். மேட்டுப்பாங்கான இடத்தில் இருந்த ஐந்தாம், ஆறாம் உலைகளை, நீரில் மூழ்காது தப்பிய ஒரே ஒரு மின்னாக்கி காப்பாற்றியது.

அறிந்தும் தாமதித்த பிழை

புக்குஷிமாவுக்கு எச்சரிக்கையே கிட்டவில்லையா? கிட்டியது. 2002ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசின் ஆய்வுக் குழு, அக்கடற்கரை நெடுகிலும் எவ்விடத்திலும் பேரலையை எழுப்பும் நிலநடுக்கம் ஏற்படலாம் என்று அறிவித்தது. அதன்படி 2008ஆம் ஆண்டில் நிலையத்தாரே செய்த கணக்கு, அலை 15.7 மீட்டர் வரை வரக்கூடும் என்று காட்டிற்று. 2009ஆம் ஆண்டில் அரசுக் குழுக் கூட்டம் ஒன்றில் நிலவியல் அறிஞர் ஒருவர் 869ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஏன் கருத்திற்கொள்ளவில்லை என்று வினவினார். மேலும் ஆராய்வோம் என்று காலம் கழிந்தது. 15.7 மீட்டர் என்னும் கணக்கு அரசின் கண்காணிப்புத் துறைக்குத் தெரிவிக்கப்பட்ட நாள், 2011ஆம் ஆண்டு மார்ச் 7. நான்கே நாளில் பேரலை வந்துவிட்டது.

தனிமனிதர் பொறுப்பு எவ்வளவு என்பது நீதிமன்றங்கள் விசாரித்த செய்தி. நமக்கு வேண்டுவது பாடம். ஏட்டைத் தேடுவதும், மண்ணைத் தோண்டுவதும் பாதி வேலையே. அவை சொல்வதைக் கேட்டு உரிய காலத்தில் மதிலை உயர்த்துவதும், மின்னாக்கியை மேட்டுக்கு மாற்றுவதுமே மீதி வேலை.

இப்பாடத்தின் முன்னறிகுறி நம் கடற்பகுதியிலும் தோன்றியதுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவுக்கு அருகே எழுந்த ஆழிப்பேரலை, பினாங்கு, கெடா கரைகளில் நம்மவர் பலரின் உயிரைப் பறித்தது. அதே அலை தமிழகத்தின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைப்பு நிலையத்துள்ளும் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, பெருந்தீங்கு நேரவில்லை. அவ்வளவு பெரிய அலையை அக்கரையில் வாழ்ந்தோர் எவரும் கண்டதில்லை. ஒருவரும் கண்டதில்லை என்பதால் ஒன்று நிகழாது என்று ஆகிவிடாது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இன்றைய நடைமுறை

புக்குஷிமா விபத்துக்குப் பின்னர் ஜப்பான் தன் விதிகளை 2013ஆம் ஆண்டில் கடுமையாக்கியது. நிலையத்தின் அடியில் உள்ள நிலப்பிளவு கடந்த 120,000 முதல் 130,000 ஆண்டுகளுக்குள் அசைந்திருக்குமா என்பது வரை ஆராயப்படுகிறது. அத்தகைய ஐயம் நீங்காமையால், சுருகா என்னுமிடத்திலுள்ள ஓர் உலையை மீண்டும் இயக்கும் விண்ணப்பம் 2024ஆம் ஆண்டில் மறுக்கப்பட்டது. நன்கு தப்பிய ஓனகாவாவும் வாளாவிருக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 29 மீட்டர் உயரத்துக்குப் புதிய மதில் எழுப்பிய பின்னரே, அதன் இரண்டாம் உலை 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மீண்டும் இயக்கப்பட்டது.

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் அனேயோஷி என்னும் சிற்றூர் உண்டு. 1933ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின், இக்கல்லுக்குக் கீழே வீடு கட்டலாகாது என்னும் கருத்தைப் பொறித்து அவ்வூரார் ஒரு கல்லை நட்டனர். பின்வந்தோர் அச்சொல்லைப் போற்றி மேட்டிலேயே வாழ்ந்தனர். 2011ஆம் ஆண்டின் பேரலை அக்கல்லை எட்டுமுன் நின்றுவிட்டது. ஊரின் வீடுகள் அனைத்தும் தப்பின.

தோட்டத்து அன்பர்களே! அணுமின் நிலையம் அமைப்பது நம் வேலையன்று. ஆனால், அதற்கு அடிப்படையான அறிவு நம் வாயிற்படியிலேயே இருக்கிறது. வெள்ளம் ஏறிய மரத்தையும், மண் சரிந்த மேட்டையும் காட்டக்கூடிய முதியோர் நம்மிடையே உள்ளபோதே அவர்களைக் கேட்போம். அவர்கள் காட்டும் உயரத்தை ஆண்டோடு சேர்த்து ஒரு தூணில் குறித்து வைப்போம். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அடுத்த தலைமுறை வீடு கட்ட வருங்கால், அக்குறிப்பு அவர்கள் உயிரைக் காக்கும்.