தும்பியைப் படம் பிடிக்க எந்த லென்ஸ் நல்லது?



போன மாசம் எங்க தோட்டத்துக் கிணத்து மேட்டில் ஒரு சிவப்புத் தும்பி வந்து உட்கார்ந்தது. அம்மாவோட போனில் படம் எடுக்கப் பார்த்தேன். கிட்டக் கொண்டுபோனால் மங்கலாயிடுது. அப்பா பனியன் கம்பெனியில் துணியை சோதிக்க ஒரு கவுண்டிங் கிளாஸ் வெச்சிருக்காங்க. அதை போன் கேமரா மேல ரப்பர் பேண்டு போட்டு மாட்டினேன். எல்லாம் பெரிசா தெரிஞ்சது! ஆனால் ஒரு இஞ்சு கிட்டப் போனால்தான் தெளிவு. அதுக்குள்ளே தும்பி பறந்துடும்.

அதனால வேற ஒரு தும்பியைப் பிடிச்சு, வாலில் நூல் கட்டச் சொல்லி தம்பியிடம் சொன்னேன். இழுத்ததில் வால் நுனி அறுந்து போச்சு. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

சாயங்காலம் அப்பா சொன்னாங்க, "அது துணிக்குன்னு செஞ்ச கண்ணாடி அம்மணி. துணி பறக்காது. தும்பி பறக்கும்ல?"

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க விளக்கியது இதுதான்.

மேக்ரோ லென்ஸ் என்றால் என்ன?

1 செ.மீ. நீள எறும்பு, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலும் 1 செ.மீ. நீளமாகவே விழும். இதை 1:1 என்பார்கள். கீழே உள்ள மூன்று லென்ஸும் இதைச் செய்யும். வித்தியாசம் நாம நிற்கும் தூரத்தில்தான்.

* 60 மி.மீ. – லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவில் நாலு விரல் அகலம்தான் இருக்கும். பூ, விதை, பூச்சி முட்டைக்குப் போதும்.
* 100 மி.மீ. – சுமார் 15 செ.மீ. சிலந்தி, வண்ணத்துப்பூச்சிக்கு நல்லது.
* 180 மி.மீ. – ஒரு சாண் தூரம். தும்பி, ஓணான் பயப்படாது. ஆனால் விலையும் கனமும் அதிகம்.

பறவை எடுக்கிற லென்ஸ் ஆகாதா?

ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த மாதிரி இடத்தில் பறவை எடுப்பவர்கள் முழ நீள லென்ஸ் வைத்திருப்பார்கள். அதில் பலதுக்கு 2, 3 மீட்டராவது தள்ளி நிற்கணும். அவ்வளவு தூரத்தில் எறும்பு புள்ளியாத்தான் தெரியும்.

காசு இல்லாட்டி என்ன பண்றது?

போனை ஒரு சாண் தள்ளி வெச்சு இரண்டு மடங்கு ஜூம் போடுங்க. விடியற்காலையில் போங்க. குளிருக்குத் தும்பி சீக்கிரம் பறக்காது. கண்ணு தெளிவா விழுதான்னு பாருங்க. கவுண்டிங் கிளாஸ் இலை, விதை பார்க்க உதவும். (அப்பா ஷிப்ட்டுக்குப் போறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்!)

ஆகவே நண்பர்களே, எவ்வளவு பெரிசா தெரியும் என்று மட்டும் கேட்காதீங்க. அந்த உயிர் நம்மை எவ்வளவு கிட்ட விடும் என்று முதலில் கேளுங்க. நூல் மட்டும் கட்டாதீங்க.

கீழே ஒட்டியிருக்கும் படம் நான் போன வாரம் எடுத்தது. தும்பி சின்னதாத்தான் தெரியும். ஆனால் அதோட வால் முழுசா இருக்கு.



– 9-ஆம் வகுப்பு மாணவி, குன்னத்தூர்