மூடிக்குள் ஒளிந்திருக்கும் எண்

"இது உங்கள் தாத்தாவின் கல்யாணத்துக்கு வாங்கிய கடியாரம் என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டார் வாட்ச் ரிப்பேர்காரர், கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுக்காமலே.

"ஆமாம், 1955-ல்."

"அப்படியானால் உங்கள் பாட்டி கழுத்தில் தாலி ஏறியபோது இந்த மிஷின் பிறக்கவே இல்லையே, அம்மா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவர்சில்வர் கேஸ், பழுப்பேறிய டயல், அதில் ஒமேகாவின் குதிரை லாடச் சின்னம். குழந்தைப் பருவத்திலிருந்து தாத்தாவின் மணிக்கட்டில் நான் பார்த்துப் பழகிய கடியாரம். அவர் போன பிறகு நின்றுவிட்டது. மாமா தம் பிள்ளையின் கல்யாணத்துக்கு அதைக் கொடுக்க விரும்பினார். "ஓடாத கடியாரத்தை மாப்பிள்ளை கையில் கட்டுவார்களா? சர்வீஸ் செய்து வா" என்று பாட்டி என்னை அனுப்பியிருந்தாள். வந்த இடத்தில் இப்படி ஒரு குண்டு!

ரிப்பேர்காரர் லென்ஸை என்னிடம் கொடுத்தார். பின்மூடியைத் திறந்தால் செம்பொன் நிறத்தில் ஒரு சின்ன உலகம். அதன் நடுவே எறும்பின் கால் தடம் போல எட்டு இலக்கங்கள். முதல் இரண்டு இலக்கம் 20. ஒமேகாவின் வரிசை எண்கள் இரண்டு கோடியை எட்டியது 1963 வாக்கில். 1955-ல் வந்த மிஷின் என்றால் எண் ஒரு கோடியே நாற்பது, ஐம்பது லட்சம் என்ற அளவில்தான் இருக்க வேண்டும். சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் அட்டவணை உத்தேசமானதுதான்; ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம். எட்டு வருஷம் இருக்க முடியாது.

வாசக நேயர்களே, உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒரு கடியாரம் தூங்கிக்கொண்டிருக்கலாம். நகைக்கு எடை, கல், சேதாரம் எல்லாம் எழுதி வைக்கிற நாம், கடியாரத்தின் எண்ணை எழுதி வைத்திருக்கிறோமா? நான் வைத்திருக்கவில்லை. ஆகையால் அன்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

மிஷினில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் குழம்பக் கூடாது. காலிபர் எண் என்பது குலப்பெயர் மாதிரி. அந்த அமைப்பில் செய்த ஆயிரக்கணக்கான மிஷின்களுக்கும் அது ஒன்றே. ஒமேகா என்ற பெயரே 1894-ல் வந்த ஒரு காலிபரின் பெயர்தான். அது பெற்ற புகழைப் பார்த்து, ஸ்விட்ஸர்லாந்தின் பீல் நகரத்துக் கம்பெனி 1903-ல் அதையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டது! வரிசை எண்ணோ ஜாதகம். ஒரே ஒரு மிஷினுக்குத்தான் சொந்தம்.

ஜாதகம் என்று சும்மா சொல்லவில்லை. லாஞ்ஜின் கம்பெனி 1867-லிருந்து தான் செய்த கடியாரங்களுக்குப் பேரேடு வைத்திருக்கிறது. ஸான் இமியே என்ற மலைக் கிராமத்தில் அந்தக் கையெழுத்துப் பேரேடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. எண்ணைச் சொன்னால், எந்தத் தேதியில் எந்த ஊர் ஏஜண்டுக்கு அந்தக் கடியாரம் போயிற்று என்று எடுத்துச் சொல்கிறார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்திருந்த வெஸ்ட் எண்ட் கம்பெனிக்கு லாஞ்ஜின் மிஷின்கள் ஏராளமாக வந்தன. பாட்டனார் ரெயில்வேயில் வேலை பார்த்தவர் என்றால், உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தாலும் இருக்கும். பாடெக் பிலிப் போன்ற பெரிய இடங்களில் மிஷினுக்கு ஓர் எண், கேஸுக்கு ஓர் எண். இரண்டும் சேர்ந்து ஏட்டில் பதிவாகியிருக்கும். ஜோடி மாறினால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

ரோலெக்ஸின் சமாசாரம் வேறு. அதன் வரிசை எண் கேஸில் இருக்கிறது. பட்டையைக் கழற்றினால், ஆறு மணிப் பக்கத்தில், பட்டை மாட்டும் இரு காதுகளுக்கும் நடுவில் தெரியும். 2005-க்குப் பிறகு கண்ணாடிக்கு உள்ளே டயலைச் சுற்றியுள்ள வளையத்திலும் பொறிக்கத் தொடங்கினார்கள். 2010 வாக்கிலிருந்து எண்களைக் கலைத்துப் போட்டுவிட்டதால், எண்ணைப் பார்த்து வயசு சொல்லும் வித்தை புதிய ரோலெக்ஸிடம் பலிக்காது. பெண்கள் வயசை மறைப்பதாகக் கேலி செய்பவர்கள் இதையும் கவனிக்கட்டும்!

எண் சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரிதானா? அதுவும் இல்லை. 2021 நவம்பரில் ஜினீவாவில் ஓர் ஏலம். 1957-ஆம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போயிற்று. ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? ஒமேகாவின் சொந்த மியூஸியமே! 2023-ல் கம்பெனி தலையில் கை வைத்துக்கொண்டது. பல கடியாரங்களின் பாகங்களை எடுத்து ஒன்றாகப் பூட்டிய ஒட்டுமாங்கனி அது என்றும், தன்னிடமே வேலை பார்த்த மூவருக்கு இதில் பங்குண்டு என்றும் அது அறிவித்தது. பேரேட்டை வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், நாமும் நம் பாட்டிமார்களும் எம்மாத்திரம்?

இனி செலவுக்கு வருவோம். வீட்டில் சண்டை வருவது இங்கேதானே.

கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரித்தேன். பெரிய பெயருள்ள ஸ்விஸ் கடியாரத்துக்கு முழு சர்வீஸ் என்றால் அரை லட்சம் ரூபாயைத் தாண்டுவது இன்று சர்வ சாதாரணம். நிறுத்து கடியாரம் சேர்ந்த மாடலானால் அதற்கும் மேலே. "இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதற்கா?" என்று என் அம்மா கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரிப்பேர்காரர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

முள்ளை எடுத்து, டயலை எடுத்து, நூறுக்கும் மேற்பட்ட பாகங்களை ஒன்றொன்றாகப் பிரிக்க வேண்டும். சில திருகாணிகள் ரவையை விடச் சிறியவை; தும்மினால் போச்சு. எல்லாவற்றையும் கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். எண்ணெயும் ஒன்றல்ல. வேகமாகச் சுழலும் நுனிக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாக நகரும் சக்கரத்துக்குக் கெட்டியானது, சில இடத்துக்குப் பசை. ஊசி முனையால் தொட்டு வைக்கிறார். கொஞ்சம் கூடினால் வழிந்து அழுக்கைச் சேர்க்கும். குறைந்தால் இரும்பு இரும்பைத் தின்னும். இந்தக் காலத்துக் கடியாரங்கள் பலவற்றில் பாலன்ஸ் வீல் விநாடிக்கு எட்டு அடி அடிக்கிறது. நாளைக்கு 6,91,200. வருஷத்துக்கு 25 கோடிக்கு மேல்! எண்ணெய் காய்ந்த பிறகும் ஓட்டினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுத் தையல் மிஷினை நினைத்துப் பாருங்கள், தெரியும்.

ஓர் இடைச் சொல். டயலில் "17 ஜுவல்ஸ்" என்று இருப்பதைப் பார்த்து, உள்ளே பதினேழு மாணிக்கம் இருப்பதாக ஆசைப்படாதீர்கள். மாணிக்கந்தான், ஆனால் உலையில் செய்தது. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-ல் வெர்நேய் என்ற பிரெஞ்சு நிபுணர் வெளியிட்டார். அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைத்த கற்கள் அவை, மூக்குத்திக்கு உதவா.

எல்லாக் கடியாரத்துக்கும் கம்பெனி சர்வீஸ்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக வாங்கியது, தண்ணீர் புகாதது, உத்தரவாதம் உள்ளது என்றால் அங்கேதான் போக வேண்டும். புது ரோலெக்ஸுக்குச் சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்று கம்பெனியே சொல்கிறது. செய்த சர்வீஸுக்கு இரண்டு வருஷம் பொறுப்பும் ஏற்கிறது. பழைய, சாவி கொடுக்கும் கடியாரத்துக்குக் கை தேர்ந்த கிழவர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். எங்கே கொடுத்தாலும் உங்கள் கண் முன்னால் மூடியைத் திறக்கச் சொல்லி, மிஷின் எண்ணையும் கேஸ் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். "ஒமேகா, எவர்சில்வர், ஒன்று" என்று மட்டும் எழுதிய ரசீது ரசீதே அல்ல. டயலுக்குப் புதுச் சாயம் பூசட்டுமா, கேஸை மெருகேற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய கடியாரத்தின் மதிப்பில் பெரும் பங்கு அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது.

எங்கள் கடியாரத்துக்கு ரிப்பேர்காரர் ஆறாயிரம் கேட்டார். மிஷின் மாறியது தெரிந்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். கடைசியில் சொல்லியும்விட்டேன். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"உன் அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம். தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுக் கட்டில் விழுந்து நின்றுபோயிற்று. ஒரு கடையில் கொடுத்தார். சாமான் சீமையிலிருந்து வரவேண்டும் என்று மூன்று மாதம் இழுத்தடித்தான். திரும்பி வந்தபோது, 'மிஷினே புதுசு போல ஓடறது'ன்னு உன் தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம்!"

இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டியிருந்த காலம். உதிரிப் பாகம் கிடைக்காமல், நல்ல எண்ணத்திலேயே வேறு மிஷினைப் பொருத்தியிருக்கலாம். அல்லது நமது பழைய மிஷினைச் சரி செய்து வேறொருவருக்கு விற்றிருக்கலாம். தாத்தாவிடம் சொன்னார்களா? ரசீதில் எண் இல்லை; கடையும் இப்போது இல்லை.

மாமா முகத்தைச் சுளித்தார். "அசல் இல்லாததைக் கொடுப்பானேன்? புதுசாக ஒன்று வாங்கிவிடுகிறேன்" என்றார். பாட்டி பதில் பேசவில்லை. ஆறாயிரத்தைத் தன் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கடியாரம் இப்போது அவள் தலைமாட்டில் இருக்கிறது. காலையில் காப்பிக்கு முன்னால் சாவி கொடுக்கிறாள். எட்டு இலக்க எண்ணைப் பால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் என்னை எழுத வைத்தாள். நாளைக்கு இருபது விநாடி முந்துகிறது. கொண்டு வந்தால் ஐந்து நிமிஷத்தில் சரி செய்து தருவதாக ரிப்பேர்காரர் சொல்லியனுப்பினார்.

"மறுபடியும் கடைக்கா? இருபது விநாடி முன்னால் போனால் போகட்டும்" என்கிறாள் பாட்டி.