வயோதிபர் இல்லத்தில் நம் முதியவர்கள்: கண்டும் பேசாமல் இருக்கலாமா?

எங்கள் பெரியம்மா 1989ஆம் ஆண்டு மொன்றியலுக்கு வந்தவர். பெரியப்பாவை ஊரிலேயே இழந்து, பிள்ளைகளும் இல்லாமல், தனி ஆளாக வந்து இருபது வருடங்களுக்கு மேல் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். பின்னாளில் நாங்கள் அகதிகளாக வந்து இறங்கியபோது, நோத்ர-டாம்-த-கிரேஸில் வோக்லி வீதியிலிருந்த தனது சிறிய வீட்டில் எங்களுக்கும் பாய் விரித்தவர் அவர்தான்.

2022இல் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துபோயின. தொழிற்சாலையில் பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சும் நினைவை விட்டுப் போய்விட, தமிழ் மட்டுமே மிஞ்சியது. உறைந்த உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலைக்குப் போகும் எங்களால் அவரைத் தூக்கி இறக்கிப் பார்க்க முடியவில்லை. பெனி ஃபாம் சி.எல்.எஸ்.சி.யிலிருந்து சமூகசேவையாளர் வந்து பார்த்தார். சில மாதங்களில் நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. கியூபெக்கில் இவற்றை சி.எச்.எஸ்.எல்.டி. என்பார்கள். தாமாக எழும்பி நடமாட முடியாத, எந்நேரமும் தாதியரின் உதவி தேவைப்படுவோர் தங்கும் இடம் அது.

பெற்றவளுக்குச் சமமானவரை வெளியில் விட்டுவிட்டோமே என்ற வெட்கம் எங்களுக்கு இருந்தது. அந்த வெட்கமே பிறகு எங்கள் வாயையும் கட்டிப்போட்டது.

நாங்கள் கண்டதும், பேசாமல் இருந்ததும்

முதல் இரண்டு மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மாலை ஐந்து மணிக்குப் போனால் மதியச் சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே இருக்கும். தண்ணீர்க் குவளை விழுந்துபோன வலக்கைப் பக்கத்தில் இருக்கும். தாதியை அழைக்கும் மணி கட்டிலுக்குக் கீழே தொங்கும். உதடு வெடித்திருக்கும். திங்கட்கிழமை போட்ட சட்டை வியாழக்கிழமையும் உடம்பில் இருக்கும். ஒருநாள் மேற்கையில் விரல் பதிந்தாற்போல் நான்கு நீலத் தழும்புகள்.

பெரியம்மாவைக் கேட்டோம். அவர் சொன்னது இதுதான்: "பிள்ளையள், ஒண்டும் கேக்காதேங்கோ. நீங்கள் போனாப்பிறகு நான்தானே இஞ்சை கிடக்கவேணும்."

நாங்களும் கேட்கவில்லை. மேலிடத்தில் முறையிட்டால் பெயர் பதிவாகும், பதிவானால் தேடி வருவார்கள் என்று படித்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எங்களுக்குப் பிரெஞ்சில் எழுதவும் தெரியாது. 'பாவம், வேலைக்காரர் குறைவு' என்று நாங்களே சமாதானமும் சொல்லிக்கொண்டோம். இப்படி ஆறு கிழமை போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பஸ் மாற்ற உதவி செய்தபோதுதான் முதுகின் அடியில் படுக்கைப்புண்ணைக் கண்டோம். உள்ளங்கை அளவு, ஆழமாகப் போயிருந்தது. அன்றைக்குப் பொறுப்பிலிருந்த தாதி கோப்பைப் பார்த்து, "அவர் இரவில் சத்தம் போடுகிறார், அதனால் அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுக்கிறோம்" என்றார். என்ன சத்தம் என்று கேட்டோம். அவருக்குத் தெரிந்த மட்டில் சொல்லிக் காட்டினார்: "நோகுது, நோகுது."

பெரியம்மா இத்தனை இரவுகளாக நோகுது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். விளங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. விளங்கக்கூடிய நாங்களோ கேட்பதற்குப் பயந்து வீட்டில் இருந்தோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல

எங்கள் பகுதியிலிருந்து அதிக தூரமில்லாத டோர்வலில் ஹெரோன் என்ற தனியார் பராமரிப்பு இல்லம் இருந்தது. 2020 மார்ச் மாதம் கொரோனா பரவத் தொடங்கியதும் இல்லங்களுக்குள் உறவினர் வருவது தடுக்கப்பட்டது. ஹெரோனில் வேலையாட்கள் நோயாலும் பயத்தாலும் வராமல் நின்றார்கள். மார்ச் 29ஆம் திகதி சுகாதார அதிகாரிகள் உள்ளே போனபோது, சுமார் 130 முதியவர்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களே இருந்தார்கள். பலர் பசியோடும் தாகத்தோடும், நனைந்த பம்பஸோடும் கிடந்தார்கள். ஏப்ரல் 10ஆம் திகதி மொன்றியல் கசெற் பத்திரிகையில் ஆரன் டெர்ஃபெல் என்ற செய்தியாளர் இதை வெளிக்கொண்டு வந்த பிறகே நாடு அறிந்தது. அந்த முதல் அலையில் அங்கே 47 பேர் இறந்தார்கள்.

மரண விசாரணை அதிகாரி ஷெஹான் கமெல் பகிரங்க விசாரணை நடத்தி 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டார். தனியார் இல்லங்கள் எல்லாவற்றையும் அரசின் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் பரிந்துரைகளில் ஒன்று. குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டு வழக்குப் போட்டன. 55 இலட்சம் டொலர் நட்டஈட்டுக்கு இணக்கம் காணப்பட்டு, 2021இல் கியூபெக் உயர் நீதிமன்றம் அதை அங்கீகரித்தது. ஹெரோன் இல்லம் 2020 முடிவதற்குள் மூடப்பட்டுவிட்டது.

இதில் நாம் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறவினரின் கண் அங்கே இல்லாமல் போன நாட்களிலேதான் நிலைமை மோசத்தின் எல்லைக்குப் போனது. நட்டஈடு பின்னால் வந்தது, போன உயிர் வரவில்லை. ஆகவே நாம் போய்ப் பார்ப்பதும், கண்டதைச் சொல்வதும் முதியவருக்குக் காவல்.

எதைக் கவனிக்க வேண்டும்?

அடித்தால்தான் கொடுமை என்று நினைக்க வேண்டாம். செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கொடுமைதான். வாய் உலர்தல், திடீரென்று மெலிதல், படுக்கைப்புண், காரணம் சொல்லப்படாத தழும்பு, அடிக்கடி விழுதல், எந்நேரமும் மயங்கிய தூக்கம், ஒரு குறிப்பிட்ட ஊழியர் வந்தால் ஒடுங்கிப்போதல், காசோ நகையோ காணாமல் போதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். வெவ்வேறு நேரங்களில் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாளாவது போங்கள்.

விபத்து நடந்து முதியவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் அதை அவருக்கோ அவரது பிரதிநிதிக்கோ தெரிவிப்பது இல்லத்தின் சட்டக் கடமை. கட்டிலில் கட்டி வைப்பதும், அடக்குவதற்காக மருந்து கொடுப்பதும் மிக அரிதாக, வேறு வழியில்லாதபோது மட்டுமே செய்யப்படலாம். அறையில் கமெரா வைக்கவும் 2018 முதல் கியூபெக் ஒழுங்குவிதி இடம் தருகிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. வைக்க முன்னர் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, உயிருக்கு ஆபத்து என்றாலோ அடித்திருக்கிறார்கள் என்று கண்டாலோ 911ஐ அழையுங்கள்.

இரண்டாவது, ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, நேரம், கண்டது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று தமிழிலேயே எழுதுங்கள். தழும்பையும் புண்ணையும் படம் எடுங்கள். பிறகு நாங்கள் சட்டத்தரணியிடம் போனபோது அவர் முதலில் கேட்டது இதைத்தான். பேசாமலிருந்த அந்த ஆறு கிழமைக்கு எங்களிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை.

மூன்றாவது, அந்தத் தளத்துக்குப் பொறுப்பான தாதியிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பல குறைகள் இதிலேயே தீர்ந்துவிடும். இல்லங்களில் குடியிருப்போர் குழுவும் உண்டு. அவர்களும் உதவுவார்கள்.

நான்காவது, தீராவிட்டால் முறைப்பாட்டு ஆணையாளரிடம் போங்கள். ஒவ்வொரு சுகாதார நிறுவனத்துக்கும் ஒருவர் இருக்கிறார். வாயால் சொன்னாலும் எழுதிக் கொடுத்தாலும் ஏற்பார். காசு இல்லை. 45 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். முதியவர் இறந்துபோயிருந்தாலும் அவரது வாரிசுகள் முறையிடலாம். முறைப்பாட்டை எழுத உதவி தேவையென்றால் சி.ஏ.ஏ.பி. என்ற நிலையம் இலவசமாகச் செய்து தருகிறது: 1 877 767-2227. ஆணையாளரின் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் மக்கள் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்: 1 800 463-5070.

ஐந்தாவது, என்ன செய்வதென்றே தெரியாவிட்டால் முதியோர் கொடுமை உதவித் தொலைபேசிக்கு எடுங்கள்: 1 888 489-2287. பெயர் வெளியே போகாது. ஆங்கிலத்திலும் பேசலாம்.

ஆறாவது, நட்டஈட்டு வழக்கு. இதற்குப் பொதுவாக மூன்று வருடக் காலக்கெடு உண்டு. அது தவறினால் உரிமை போய்விடும். வருமானம் குறைந்தவர்கள் அரசின் சட்ட உதவி அலுவலகத்தில் தகுதி உண்டா என்று கேட்கலாம். வென்றால் மட்டும் ஒரு பங்கு எடுக்கும் சட்டத்தரணிகளும் உண்டு, ஆனால் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம். 15,000 டொலருக்கு மேற்படாத கோரிக்கையைச் சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாமலே போடலாம். முதியவரின் மருத்துவக் கோப்பின் பிரதியைக் கேட்டுப் பெறுவதும் உரிமை. வழக்கு நினைப்பு இருந்தால் அதை முதலிலேயே கேளுங்கள்.

முதியவரின் பலவீனத்தைப் பாவித்து அவரைச் சுரண்டுவது கியூபெக் மனித உரிமைச் சாசனத்தின் 48ஆம் பிரிவுக்கு விரோதம். அதற்கு மனித உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

நம் பயங்களுக்குப் பதில்

'முறையிட்டால் எங்கள் அகதிக் கோரிக்கைக்குப் பாதிப்பு வருமா?' பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. பராமரிப்பைப் பற்றிய முறைப்பாடு சுகாதாரத் துறையின் அலுவல். குடிவரவுக் கோப்பு வேறு. முறையிடுவது குற்றமும் அல்ல.

'பெரியவரைப் பழிவாங்கினால்?' முதியோர் கொடுமையைத் தடுக்கும் சட்டம் கியூபெக்கில் 2017இல் வந்தது. முறையிட்டவரைப் பழிவாங்குவதை அது தடைசெய்கிறது. நல்லெண்ணத்தோடு முறையிட்டவர் மீது வழக்குப் போடவும் முடியாது. 2022இல் அந்தச் சட்டம் இறுக்கப்பட்டது. கொடுமை செய்த தனிநபருக்கு 5,000 முதல் 125,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த இல்லங்களில் வேலை செய்வோரில் நம்மைப் போன்ற அகதிகளும் பலர். 2020இல் நோயாளிகளுக்கு நேரடிப் பராமரிப்பு அளித்த தஞ்சக் கோரிக்கையாளருக்கு நிரந்தர வதிவிடம் தரும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆகவே ஊழியர் எல்லோரையும் எதிரிகளாகப் பார்க்க வேண்டாம். ஒருவர் பத்துப் பேரைப் பார்க்கவேண்டி வந்தால் கைக்கு எட்டாதது பல இருக்கும். ஆனால் அங்கே வேலை செய்யும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை: இல்லத்தில் கொடுமையைக் கண்டால் தெரிவிக்கவேண்டியது உங்கள் சட்டக் கடமை.

பெரியம்மாவுக்கு என்ன நடந்தது?

நாங்கள் முறைப்பாட்டு ஆணையாளரிடம் போனோம். சி.எல்.எஸ்.சி. சமூகசேவையாளர் மூலம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், அதைத் தாளில் குறிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அமைதி மாத்திரையை வைத்தியர் நிறுத்தி, நோவுக்கு மருந்து கொடுத்தார். கட்டில் தலைமாட்டில் நாங்கள் ஒரு மட்டை ஒட்டினோம். தண்ணி, நோகுது, சலம், குளிருது என்ற நான்கு சொற்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் எழுதினோம். ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு ஊழியப் பெண் அந்த நான்கையும் பாடமாக்கிவிட்டார். காலையில் வந்ததும் "நோகுதா, அம்மா?" என்று கேட்பார். பெரியம்மா அவரைப் பார்த்துச் சிரிப்பார்.

புண் ஆற ஐந்து மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் பெரியம்மா இருந்தார். பழிவாங்குவார்கள் என்று அவர் பயந்தது நடக்கவில்லை. முறையிட்ட பிறகுதான் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஆனால் எங்களால் மறக்க முடியாதது அந்த ஆறு கிழமைதான்.

உங்கள் வீட்டுப் பெரியவரும் இப்படி ஓர் இடத்தில் இருக்கலாம். இந்த ஞாயிறு போகும்போது ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். போர்வையை விலக்கிப் பாருங்கள். அவர் சொல்லும் சொல்லை அங்கே உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு அங்கே நம்மைவிட வேறு ஆளில்லை.